சமன் செய்யப்பட்ட போர்: தாங்கி விளையாட்டுக்களும் யதார்த்தமும்

இரண்டாம் உலகப் போரைக் கணினித் திரையில் மீள நடத்தும் விளையாட்டுக்கள் பற்றி ஒரு வாதம் ஓயாது நிகழ்கின்றது. யுத்த தாங்கிகள் உண்மையில் இயங்கியவாறே இயங்குதல் வேண்டும் என்பர் ஒரு சாரார். இரு தரப்பினர்க்கும் வெற்றிவாய்ப்புச் சமமாயிருத்தல் வேண்டும். அதன்பொருட்டு உண்மையைச் சற்று வளைக்கலாம் என்பர் மறு சாரார். இரு சாராருமே யதார்த்தம் என்பதைப் பிழைபட விளங்கியுள்ளனர் என்பது எமது கருத்து.

சமநிலைவாதிகளை முதலில் நோக்குவோம். 'வேர்ல்ட் ஒவ் ராங்ஸ்' விளையாட்டில் அணிக்கு 15 தாங்கிகள் மோதுகின்றன. அறுந்த சங்கிலி சில வினாடிகளில் தானே பொருந்திவிடுகின்றது. உண்மையிலோ, ரைகர் தாங்கியின் உட்சக்கரம் ஒன்றை மாற்றுவதற்கு அதனை மூடிநின்ற வெளிச்சக்கரங்கள் பலவற்றை முதலிற் கழற்றவேண்டியிருந்தது. சேற்றிலும் உறைபனியிலும் நின்று அதனைச் செய்தவர்கள் மனிதர்கள். ரி-34இன் சாரதி நெம்புகோல்களோடு மல்லுக்கட்டியே வண்டியைத் திருப்பினான். 76 மி.மீ. பீரங்கி பூட்டிய அவ்வகையில், கட்டளையிடுபவனே குறிபார்த்துச் சுடவும் வேண்டியிருந்தது. விரல் பட்டதும் திரும்பும் திரைத்தாங்கியில் இவ்வுழைப்பு முற்றாக மறைந்துவிடுகின்றது.

யதார்த்தவாதிகள் எனப்படுவோர் இவர்களினும் மேலானவரல்லர். 'வோர் தண்டர்' விளையாட்டு, குண்டு எப்பாகத்தைத் துளைத்தது, உள்ளிருந்தோரில் எவர் வீழ்ந்தார் என்று கணிக்கின்றது, முன்னேற்றந்தான். ஆயினும் கவசத்தின் தடிப்பை அளப்பதோடு அமைவது இயற்பண்புவாதமேயன்றி யதார்த்தவாதம் அன்று. ரைகரின் முன்கவசம் 100 மி.மீ. என்பது உண்மை, அத்தாங்கிகள் ஏறத்தாழ 1,350 மட்டுமே உற்பத்தியாயின என்பதும், ரி-34 போர்க்காலத்திலேயே 50,000க்கு மேல் உற்பத்தியாயிற்று என்பதும் அதனினும் பெரிய உண்மைகள். 1943 யூலையில் குர்ஸ்க் களத்தில் முதன்முறை இறங்கிய பாந்தர்களிற் பல இயந்திரக் கோளாற்றினாலேயே நின்றுபோயின. இவற்றை விடுத்து இரும்பை மட்டும் அளக்கும் 'யதார்த்தம்' நாசிப் படையின் பொறியியலுக்குப் பாடும் புகழ்ச்சியாகவே முடிகின்றது.

சமநிலை வேண்டுமெனில் அதனைத் தாங்கியின் நடையிலன்றி எண்ணிக்கையிலே தேடலாம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கொம்பற் மிஷன்' புள்ளிகளைக் கொடுத்துப் படையை வாங்கும் முறையினைக் கொண்டிருந்தது. வலிய தாங்கியை விரும்பியவர் சிலவற்றோடு அமையவேண்டியிருந்தது. அங்கு ஒருவரே முழுப்படையையும் நடத்தினார். ஆளுக்கொரு தாங்கி செலுத்தும் விளையாட்டில், முதலில் எரியப்போகும் ரி-34இல் ஏற எவர் முன்வருவார் என்று கேட்கலாம். நியாயமான வினாவே. அது எரிந்ததும் அவருக்கு அடுத்த வண்டியைக் கொடுக்கட்டும். சோவியத்துத் தொழிற்சாலைகள் கொடுத்தன.