பழையதை ஏன் கடையிலிருந்து தூக்கினார்கள்?

ஃபைனல் கட் ப்ரோ பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் ஒரு சமாதானம் தயாராக வந்து நிற்கும். "ஆரம்பத்துல எல்லாரும் திட்டினாங்க தம்பி. இப்ப பாரு, என்னா வேகம். காலத்துக்கு ஏத்த மாதிரி மாறத் தெரியாதவங்க கத்தினாங்க, அவ்வளவுதான்." கிள்ளானில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஓர் அண்ணன் என்னிடம் சொன்னது இது. அவருடைய தொழிலுக்கு அந்த மென்பொருள் நன்றாகவே உதவுகிறது. அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் 2011-இல் எடிட்டர்கள் கத்தியது மாறத் தெரியாததால் அல்ல. அவர்களுடைய கையில் இருந்ததைப் பிடுங்கியதால்.

நடந்தது இதுதான். 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை 299.99 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டது. அதே நாளில் ஃபைனல் கட் ப்ரோ 7 விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. புதியது பழைய ப்ராஜெக்ட் கோப்புகளைத் திறக்காது. பல கேமராக்களில் பிடித்ததை ஒருசேரப் பார்த்து வெட்டும் மல்டிகேம் வசதி அதில் இல்லை. ஓஎம்எஃப் இல்லை, ஈடிஎல் இல்லை, எக்ஸ்எம்எல் இல்லை.

கடைசியாகச் சொன்ன மூன்றும் வெளியாட்களுக்கு வெறும் எழுத்துகளாகத் தெரியும். ஒரு படம் எடிட்டரின் மேசையில் முடிந்துவிடுவதில்லை. எந்த ஷாட் எந்த ஃபிரேமில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு அங்கிருந்து ஒலி சேர்ப்பவருக்கும் நிறம் திருத்துபவருக்கும் போகவேண்டும். அதைச் சுமந்து செல்பவை இந்தக் கோப்புகள். அவை இல்லையென்றால் அடுத்த அறையில் இருப்பவர் படம் முழுவதையும் கையால் மறுபடி அடுக்கவேண்டியதுதான். வீட்டைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்த கதை.

நானும் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஆகவே அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய ஃபைனல் கட் 32 பிட் மென்பொருள். கணினியில் 16 ஜிபி நினைவகம் இருந்தாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குப் பயன்படாது. அது நின்றதும் கார்பன் என்ற பழைய அடித்தளத்தில். கார்பனை 64 பிட்டுக்குக் கொண்டுவருவோம் என்று சொல்லிவந்த ஆப்பிள், 2007-இல் அதைக் கைவிட்டது. (முடிச்சைப் போட்டவரும் அவரே என்பது தனிக்கதை.) அதன்பிறகு முதலிலிருந்து எழுதுவதைத் தவிர வழியில்லை. அப்படி எழுதும்போது முதல் பதிப்பிலேயே எல்லா வசதியும் வராது. எந்தப் பொறியாளரும் இதை ஒத்துக்கொள்வார். நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பழையதைக் கடையிலிருந்து எடுக்க ஒரு வரி நிரல்கூட எழுதவேண்டியதில்லையே! அது பொறியியல் முடிவே அல்ல.

இது தெரியாமல் நடந்த பிசகு என்றும் சொல்லமுடியாது. 2007-இல் இதே ஆப்பிள், வீட்டுப் பயனர்களுக்கான ஐமூவியை அடியோடு மாற்றி எழுதியது. அதற்குப் பின்னால் இருந்தவரும் ஃபைனல் கட்டை உருவாக்கிய அதே ரேண்டி உபிலோஸ்தான். பழகிய டைம்லைன் காணாமல் போனதும் அப்போதும் கூச்சல் எழுந்தது. ஆப்பிள் என்ன செய்தது? புதியதை வாங்கியவர்கள் பழைய ஐமூவியை இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ள வழி வைத்தது. பிள்ளையின் பிறந்தநாள் வீடியோவை வெட்டும் அப்பாவுக்குக் கிடைத்த அந்த அவகாசம், நான்கு வருடம் கழித்து, அதை நம்பித் தொழில் செய்தவனுக்குக் கிடைக்கவில்லை. எப்படிச் செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். செய்யவில்லை.

ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்த்தால் போதும். 1998-இல் மேக்ரோமீடியாவிடமிருந்து இந்த மென்பொருளை வாங்கி மறுவருடம் வெளியிட்டபோது, ஆப்பிள் மேக் கணினிகளை விற்கத் திணறிக்கொண்டிருந்தது. எடிட்டர் ஒருவர் ஃபைனல் கட்டுக்கு வந்தால் மேக் ஒன்று விற்கும். வால்டர் மர்ச் 'கோல்ட் மவுண்டன்' படத்தை அதில் தொகுத்து ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அது காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம். 2011 பிப்ரவரியில் 'தி சோஷியல் நெட்வொர்க்' தொகுப்புக்கான ஆஸ்கரையே வென்றது. நான்கு மாதத்தில் அந்த மென்பொருள் கடையில் இல்லை. அந்த நிதியாண்டில் ஆப்பிளின் வருமானம் 108 பில்லியன் டாலர், அதில் ஆகப்பெரிய பங்கு ஐபோனுடையது. விளம்பரத்துக்கு இனி எடிட்டர் தேவையில்லை. ஷேக் மென்பொருளை 2009-இல் நிறுத்தினார்கள். எக்ஸ்சர்வ் சர்வர்களை 2011 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். நிறம் திருத்தும் கலர் மென்பொருளும் ஃபைனல் கட் 7-உடன் சேர்ந்தே போனது. வரிசையாகப் பார்த்தால் யாரை வெளியே அனுப்பினார்கள் என்று புரியும்.

எங்கள் தொழிலில் முன்னுரிமை என்பது ஒரு கூட்டத்தில் முடிவாகும் சமாச்சாரம். எதைக் கேட்டாலும் முதல் கேள்வி, "எத்தனை பேருக்குப் பாதிப்பு?" கொஞ்சப் பேர்தான் என்று பதில் வந்தால் அந்த வரி பட்டியலில் கீழே இறங்கிவிடும். அந்தக் கொஞ்சப் பேரின் முழுப் பிழைப்பும் அந்த ஒரு வரியில் இருக்கிறது என்று எழுத அட்டவணையில் கட்டம் கிடையாது.

எதிர்ப்புக்குப் பிறகு செப்டம்பரில் எக்ஸ்எம்எல் வந்தது. 2012 ஜனவரியில் மல்டிகேம் வந்தது. இடையில் இன்னொன்றும் நடந்தது. ஃபைனல் கட் 7-ஐத் தொலைபேசியில் கேட்டு வாங்குபவர்களுக்கு மறுபடி விற்கத் தொடங்கினார்கள். அப்படியென்றால் முதல் நாளிலேயே விற்றிருக்கலாம் அல்லவா? இதற்கு அந்தச் சமாதானக்காரர்கள் யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

விலை குறைந்ததே என்பார்கள். உண்மைதான், 999 டாலர் தொகுப்பின் இடத்தில் 299 டாலர் மென்பொருள். நான் அப்போது படிவம் இரண்டு மாணவன், 999 டாலருக்கு எங்கே போவது? ஆனால் மென்பொருளை விற்று லாபம் பார்க்கத் தேவையில்லாத நிறுவனத்திடம், வாங்கியவன் முறைத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன நஷ்டம்? மலிவு என்பது நம் பேச்சின் விலையும் குறைந்தது என்பதுதான்.

கோபித்துக்கொண்டு போனவர்களை அடோபி பாதி விலைச் சலுகை கொடுத்து வரவேற்றது. 2013-இல் அதே அடோபி இனி மாதச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. பேய்க்குப் பயந்து பிசாசிடம் போனவர்கள் இன்றும் வாடகை கட்டுகிறார்கள். இப்போது நம் ஊர் இளைஞர்கள் டாவின்சி ரிசால்வ் இலவசம் என்று அங்கே போகிறார்கள். நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், நல்ல மென்பொருள். ஆனால் பிளாக்மேஜிக் கேமராவும் கருவிகளும் விற்கும் நிறுவனம். மென்பொருளைக் காட்டிக் கருவி விற்பது 1999-இல் ஆப்பிள் போட்ட அதே கணக்கு.

2019-இல் வந்த 'பாரசைட்' படத்தை யாங் ஜின்மோ தொகுத்தது ஃபைனல் கட் ப்ரோ 7-இல். நிறுத்தப்பட்டு எட்டு வருடம் ஆன மென்பொருளில் செய்த அந்தத் தொகுப்பு ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 'கருவியா முக்கியம், திறமைதான் முக்கியம்' என்று இதை எல்லாரும் பகிர்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017-இல் வந்த ஹை சியரா இயங்குதளத்தில் அந்த மென்பொருள் திறக்காது. அதில் வேலை செய்ய நினைப்பவர் தன் கணினியைப் பழைய நிலையிலேயே நிறுத்திவைத்துக் காவல் காக்கவேண்டும். கருவி முக்கியமில்லை என்றால் இந்தப் பாடு எதற்கு?

குறும்படமும் தீபாவளி டெலிமூவியும் எடுக்கும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஹார்ட் டிஸ்கில் ப்ராஜெக்ட் கோப்பு மட்டும்தானே இருக்கிறது? மென்பொருள் ஓடும்போதே ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்எம்எல், ஈடிஎல் இரண்டையும் எடுத்து, வசனம், இசை, சத்தம் மூன்றையும் தனித்தனி ஒலிக்கோப்பாக வைத்து, வேறொரு டிஸ்கில் போட்டுவையுங்கள். அரைநாள் வேலை. இந்த வாரமே செய்யுங்கள்.