ஒரு துளை போதுமா? மலையில் வீடு கட்டுவோர் கவனிக்க!

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் கிளியூரில் 300 அடி அருவியாகக் கொட்டும். அடியில் கெட்டிப் பாறை. மேலே ஓரிடம் செம்மண். பக்கத்திலேயே உளுத்த பாறை.

பி.எப். பணத்தில் இங்கே மனை வாங்குவோர் சரிவை வெட்டிச் சமன் செய்கிறார்கள். வெட்டின பக்கம் கெட்டி. அந்த மண்ணைக் கொட்டின பக்கம் பஞ்சு! வீட்டின் ஒரு பாதி நிற்கும், மறு பாதி இறங்கும். சுவர் பிளக்கும்.

சம்மட்டி சொல்லும் கணக்கு

மண்ணில் துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்தில் இருந்து போட்டுக் குழாயை இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி? குறைந்தால் மண் இளக்கம். ஆனால் நடுவே உருண்டைக் கல் சிக்கினாலும் கணக்கு எகிறும். பாறை என்று ஏமாறலாம். ஆகவே வெட்டின பக்கம், கொட்டின பக்கம் இரண்டிலும் துளை அவசியம்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானார்கள். அந்த மண் தாங்குமா என்ற கேள்வி ஊரெல்லாம் எழுந்தது, இடிந்த பிறகு! அந்தக் கேள்வியை வானம் தோண்டும் முன்பே இன்ஜினீயரிடம் கேட்டுவிட வேண்டும்.