பிள்ளைக்குப் பாதம் வலிக்குதா? ஸ்கேனுக்கு முன்னாடி டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்க!

ஃபுட்பால் கோச்சிங் முடிந்து வீட்டுக்கு வரும் 10 வயதுப் பையன் நொண்டுகிறான். "குதிகால் வலிக்குதும்மா" என்கிறான். பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டு பதில்கள்தான் ரெடியாக இருக்கும். ஒன்று, "வளர்ற பிள்ளை, அப்படித்தான் வலிக்கும்". இன்னொன்று, "எதுக்கும் ஒரு எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்துடலாம்". முதல் பதில் சில நேரம் நோயை மறைத்துவிடும். இரண்டாவது பதில் சில நேரம் இல்லாத நோயைக் காட்டிவிடும். குழந்தையின் பாதத்தைப் படம் பிடிப்பது அவ்வளவு சிம்பிளான விஷயம் இல்லை.

குழந்தையின் பாதம் ஏன் வேறு மாதிரி?

பெரியவர்களின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு இவற்றில் பல, குருத்தெலும்பாகவே இருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்-ரேயில் தெரியாது. பாதத்தின் நடுவில், உள்பக்கமாக இருக்கும் நாவிகுலர் எலும்பு பல குழந்தைகளுக்கு 2, 3 வயதுவாக்கில்தான் படத்தில் தலைகாட்டும். அதனால் படத்தில் வெற்றிடம் தெரிந்தால் அங்கே எலும்பு இல்லை என்று அர்த்தமில்லை. கோடு தெரிந்தால் உடைந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. அது வளர்ச்சித் தட்டாக இருக்கலாம்.

உதாரணம், 'சீவர்ஸ்' என்ற குதிகால் பிரச்சினை. 8 முதல் 14 வயது வரை, அதிகம் ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு வருவது. குதிகால் எலும்பின் பின்முனையில் இருக்கும் வளர்ச்சிப் பகுதியைக் கெண்டைக்கால் தசை திரும்பத் திரும்ப இழுப்பதால் வலிக்கிறது. டாக்டர் குதிகாலின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். எக்ஸ்-ரே எடுத்தால் அந்த இடம் வெளுத்து, துண்டு துண்டாகத் தெரியலாம். ஆனால், வலியே இல்லாத பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தெரியும்! "எலும்பு உடைஞ்சிருக்கு" என்று பயந்துபோய் மாவுக்கட்டு வரை போக வேண்டாம். ஓட்டத்தைக் கொஞ்ச நாள் குறைப்பது, ஷூவுக்குள் ஹீல் பேட், கெண்டைக்கால் ஸ்ட்ரெச்சிங் இவை பெரும்பாலும் போதும்.

சுண்டுவிரல் பக்க எலும்பின் அடியிலும் இதே குழப்பம் உண்டு. அங்கே நீளவாக்கில் ஓடும் கோடு பெரும்பாலும் வளர்ச்சிப் பகுதி. குறுக்கே ஓடினால் எலும்பு முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அப்போ எக்ஸ்-ரேவே வேண்டாமா?

நிச்சயமாகத் தேவைப்படும் நேரங்கள் உண்டு. கால் மடங்கிய பிறகு நாலு அடி கூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது குறிப்பிட்ட எலும்பைத் தொட்டாலே வலிக்கிறது என்றால் படம் எடுக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் 1990-களில் உருவான, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் விதிகளின் சாரம் இதுதான். 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது.

சின்னப் பையன் பாதத்தின் உள்பக்கம் வலிக்கிறது என்று வெளி ஓரத்தை ஊன்றி நடந்தால், நாவிகுலர் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறையும் 'கோலர்' நோயா என்று எக்ஸ்-ரேதான் சொல்லும். டீன் ஏஜில் பாதம் தட்டையாகி, விறைத்து, அடிக்கடி சுளுக்கு விழுந்தால் இரண்டு எலும்புகள் ஒட்டிப் பிறந்திருக்கலாம். இதற்குச் சாய்வாக எடுக்கும் எக்ஸ்-ரே வேண்டும். சில சமயம் சி.டி. ஸ்கேனும் தேவைப்படும். ஆனால், வலி இல்லாமல், குதிகாலைத் தூக்கி நின்றால் வளைவு வந்துவிடும் தட்டைப் பாதத்துக்கு எந்தப் படமும் தேவையில்லை.

கதிர்வீச்சு பயம்? பாதத்துக்கு எடுக்கும் ஓர் எக்ஸ்-ரேயின் அளவு சுமார் 0.001 மில்லிசீவர்ட். இயற்கையில் சில மணி நேரத்திலேயே நம் உடம்புக்கு வந்து சேரும் அளவுதான் இது. தேவையான படத்தை இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பமாக இருக்கும் அம்மா மட்டும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் நிற்கக் கூடாது.

'நார்மல்' என்று வந்தால் முடிந்ததா?

இங்கேதான் பெரிய ஆபத்து. எலும்பில் கிருமித்தொற்று இருந்தால் முதல் 7–10 நாட்களுக்கு எக்ஸ்-ரே நார்மலாகவே இருக்கலாம். அந்த நாட்கள்தான் சிகிச்சைக்கு முக்கியம். எம்.ஆர்.ஐ. அதை முன்கூட்டியே காட்டும். நடை பழகும் குழந்தையின் கீழ்க்கால் எலும்பில் விழும் மெல்லிய விரிசலும் முதல் படத்தில் தப்பிவிடலாம். சில நாள் கழித்து எடுத்தால் தெரியும். பாதத்தில் ஒடிந்து நிற்கும் கருவேல முள் எக்ஸ்-ரேயில் பொதுவாகத் தெரியாது. அதற்கு அல்ட்ராசவுண்ட்தான் சரி.

"அப்போ நேரா எம்.ஆர்.ஐ.யே எடுத்துடலாமே?" அதிலும் சிக்கல் இருக்கு. ஆரோக்கியமான பிள்ளைகளின் பாத எலும்புகளிலேயே எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டுகள் தெரிவது சகஜம். சின்னக் குழந்தைகள் அசையாமல் படுக்க மயக்க மருந்து தேவைப்படலாம். செலவும் அதிகம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

வளர்ச்சி வலி பொதுவாக இரண்டு கால்களிலும், மாலையிலோ இரவிலோ வரும்; காலையில் பிள்ளை ஓடியாடும். ஒரே பாதத்தில், ஒரே இடத்தில் நிற்கும் வலி அந்தக் கணக்கில் வராது. காய்ச்சல், வீக்கம், காலை ஊன்ற மறுப்பது, தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலையில் மூட்டு விறைப்பு, காரணமில்லாத எடை இழப்பு - இதில் எது இருந்தாலும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டு நாள் கடத்தாதீர்கள். காய்ச்சலோடு காலை ஊன்றவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

படம் எழுதிக் கொடுத்தால் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இதில் எதைத் தேடுறீங்க? நார்மல்னு வந்தா அடுத்து என்ன?" இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. டாக்டர்கள் தரப்பிலும் ஒரு கடமை இருக்கிறது. சீட்டில் 'பாத வலி' என்று மட்டும் எழுதாமல் வயது, வலிக்கும் இடம், எத்தனை நாளாக, எதைச் சந்தேகிக்கிறோம் என்று நாலு வார்த்தை கூடுதலாக எழுத வேண்டும். பிள்ளையை நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட்டுக்கு, அது வளர்ச்சிக் கோடா முறிவா என்று சொல்ல அந்த நாலு வார்த்தைதான் துணை.