முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

ஈசிஆரில் நூற்றி அறுபது தொட்டேன் என்று சொல்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். "பிரேக் ஆயில் கடைசியா எப்ப மாத்தின?"

இதுவரை ஒருவரும் உருப்படியாகப் பதில் சொன்னதில்லை. சிலர் சிரிக்கிறார்கள். ஒருவர், "அதெல்லாம் சர்வீஸ்ல பாத்துப்பாங்க மச்சி" என்றார். அவர் காரின் சைலன்சர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு ஆனது, ஸ்டார்ட் பண்ணினால் எத்தனை தெருவுக்குக் கேட்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். காரை நிறுத்துகிற திரவத்தின் வயது மட்டும் தெரியாது. வேகம் பற்றி நாம் பேசுகிற பேச்சு முழுக்க இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் முதல்முறையாக என் சொந்தக் காரை ஓட்டப்போகிறேன். கார் என்றால் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எட்டு வருடப் பழைய ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்ட். பின் கதவில் முந்தைய உரிமையாளரின் குழந்தை ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் பாதி இருக்கிறது. போவதும் ரேஸுக்கு அல்ல. ட்ராக் டே என்பார்கள். லைசென்ஸும் ஹெல்மெட்டும் ஒழுங்கான காரும் இருந்தால் காசு கட்டிவிட்டுப் போய் ஓட்டலாம். பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுவது, வெளியே வந்து காரை ஆறவிடுவது, மறுபடி உள்ளே போவது. கோப்பை கிடையாது. நேரான பகுதியில், முன்னால் போகிறவர் கையைக் காட்டி வழிவிட்டால் மட்டுமே முந்தலாம். போன வருடம் நண்பர் ஒருவரின் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான்கு சுற்று போய்வந்தேன். அன்றிலிருந்து ஆசை.

இந்த மூன்று வாரமாகக் காரைத் தயார் செய்கிறேன். செய்யச் செய்ய எனக்கு ஆசையைவிடக் கோபம்தான் அதிகமாகிறது.

முதல் கோபம் கார் 'மாடிஃபிகேஷன்' என்ற பெயரில் நடக்கிற வியாபாரத்தின் மேல். ட்ராக்குக்குப் போகிறேன் என்று சொன்னதுமே ஒரு கடையில் என் முன்னால் நீட்டிய பட்டியல் இது: ஓபன் சைலன்சர், பெரிய அலாய் வீல், இன்ஜின் ரீமேப், காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டுவது. ஸ்பிரிங்கை வெட்டுவதாம். சஸ்பென்ஷன் எவ்வளவு தூரம் ஏறி இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வடிவமைத்த ஒரு பொருளை வெல்டிங் பட்டறையில் வெட்டிவிட்டு அதற்கு 'ஸ்டான்ஸ்' என்று பெயர் வேறு. அந்தப் பட்டியலில் பிரேக் என்ற சொல்லே இல்லை. கேட்டேன். "பிரேக் ஸ்டாக்கே போதும் பாஸ்."

போதுமா என்று எட்டாம் வகுப்பு இயற்பியலை வைத்தே பார்த்துவிடலாம். காரும் நானும் பெட்ரோலும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஒரு திருப்பத்துக்காக 60-க்குக் குறைத்தால் உதறித்தள்ள வேண்டிய ஆற்றல் சுமார் ஆறு லட்சம் ஜூல். சாதாரணக் குழாய்த் தண்ணீர் இரண்டு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிற சூடு அது. வீட்டு கேஸ் அடுப்பில் வைத்தால் எத்தனை நிமிடம் ஆகும்? இங்கே அது சில நொடிகளில் நடக்கிறது. காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பெரும்பாலும் முன்பக்கத்து இரண்டு டிஸ்க்கில் இறங்கும். ஆறுவதற்குள் அடுத்த திருப்பம். 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் பன்னிரண்டு திருப்பங்கள். எல்லாவற்றிலும் இவ்வளவு பிரேக் வேண்டாம்தான், ஆனால் ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று காத்திருக்கிறது.

அந்தச் சூடு டிஸ்க்கோடு நிற்காமல் பேடைத் தாண்டி காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயிலுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 என்கிற வகைக்குத் தர விதி சொல்வது, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரி. கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகும், குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். பெடல் மெத்தையை மிதித்த மாதிரி உள்ளே போகும், கார் போய்க்கொண்டே இருக்கும். இதைத் தடுப்பதற்கு நான் செலவழித்தது நல்ல டாட் 4 ஆயில், பழையதை எடுத்துவிட்டு நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்த கூலி, முன்பக்கத்துக்குப் புது பேட். மொத்தமும் அந்தக் கடைக்காரர் சொன்ன சைலன்சர் விலையில் கால்வாசிகூட இல்லை. சத்தம் மட்டும் வராது. வீடியோவில் தெரியாது. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அம்பத்தூர் பக்கத்தில் எனக்கு வாடிக்கையான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வேலையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "புதுசா எதுவுமே போடலியே தம்பி. இருக்கறத சரி பண்ணத்தான சொல்ற?" ஆமாண்ணே என்றேன். "அப்ப எல்லாருமே இதப் பண்ணலாமே" என்றார். இந்தக் கட்டுரைக்கான சாரத்தை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார், நான்தான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

மற்ற வேலைகள் எல்லாம் சில்லறை. வீல் நட்டைக் காலால் எட்டி உதைத்து இறுக்காமல் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக இறுக்குவது. கூலன்ட், இன்ஜின் ஆயில். பேட்டரி ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. டிரைவர் பக்கத்து மேட்டைக் கழற்றி எறிவது, பெடலுக்கு அடியில் சுருண்டால் கதை முடிந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாம் வெளியே. (பிள்ளையாரை இறக்கியதில் அம்மாவுக்கு வருத்தம். அவரும் உள்ளே பறப்பார்மா என்று சொல்லிப் பார்த்தேன்.) டயர் காற்று விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மூளை வேண்டும். காலையில் 30 பிஎஸ்ஐ வைத்து, உள்ளிருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 70-க்குச் சூடானால் அது கிட்டத்தட்ட 36 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அளந்து இறக்க வேண்டும், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் மறக்காமல் ஏற்ற வேண்டும்.

இரண்டாவது கோபம் பெரியவர்கள் மேல். "வேகம் விவேகமல்ல" என்று ரோட்டோரம் எழுதிவைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற பெரியவர்கள். எட்டு போட்டுக் காட்டி, கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிய நம்மில் எத்தனை பேர் வாழ்க்கையில் ஒருமுறையாவது பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்திருக்கிறோம்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக விற்கிற கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அது வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறும் என்பதை எந்த டிரைவிங் ஸ்கூல் சொல்லித் தருகிறது? முதல்முறை உதறினால் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுப்பதுதான் மனித இயல்பு. எடுக்கவே கூடாத நொடி அது. அந்த உதறலை முதன்முதலாக உணர வேண்டிய இடம் குறுக்கே குழந்தை ஓடிவந்த தெருவா, ஓரத்தில் புல்வெளியும் கொடியோடு மார்ஷலும் நிற்கிற ட்ராக்கா? வேகமே கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு எப்படி நிறுத்துவது என்று கற்றுத்தர வாய்ப்பே கிடைக்காமல் போகிறது. அவன் கற்றுக்கொள்ளத்தான் போகிறான். நள்ளிரவில், அடுத்தவர் ரோட்டில்.

ஈசிஆர் அடுத்தவர் ரோடுதான். முட்டுக்காடு தாண்டி அதிகாலையில் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் குப்பம், மறுபக்கம் பஸ் ஸ்டாப். மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கிற அம்மா, வருகிற வண்டியின் தூரத்தை ஆயுசு முழுக்கப் பார்த்த பஸ், லாரி வேகத்தில்தான் கணக்குப் போட்டிருப்பார். 160-இல் வருகிறவன் ஒரு நொடியில் 44 மீட்டர் தாண்டுகிறான். 80-இல் போகிறவனைவிட நான்கு மடங்கு ஆற்றலை அவன் கரைத்தாக வேண்டும், இரண்டு மடங்கு அல்ல. அவனுடைய 'த்ரில்' என்பது அந்த அம்மாவின் கணக்கு தப்பாகப் போகாது என்ற நம்பிக்கையின் மேல் ஓசியில் நடக்கிறது. ட்ராக்கில் நான் கட்டப்போகிற கட்டணத்தை இதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறேன். அங்கே ஆபத்துக்கான காசை ஆபத்தை விரும்புகிறவனே கட்டுகிறான்.

காசு என்றதும் இலக்கிய நண்பர் ஒருவர் சொன்னது ஞாபகம் வருகிறது. "பணக்காரப் பசங்க விளையாட்டுய்யா, இதுக்கு ஒரு கட்டுரையா?" பணம் வேண்டும், மறுக்கவில்லை. கார் இல்லாதவருக்கு இதில் இடமில்லை. பெட்ரோலும் டயரும் வீண்தான். ஆனால் இது நம் ஊருக்கு ஒட்டாத மேட்டுக்குடி இறக்குமதி என்பதை ஏற்க மாட்டேன். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் எண்பதுகள் வரை ரேஸ் நடந்தது, சனம் வெயிலில் நின்று பார்த்தது. 1990-இல் அது இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன், தெருவில் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினைப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி. இந்தியாவில் ஒரு தலைமுறையே அதில் ஓட்டிப் பழகியது. அவர் 1995-இல் விமான விபத்தில் இறந்தார், செட்டிப்பாளையம் ட்ராக் அவர் பெயரில்தான் இருக்கிறது. கையில் இருப்பதை வைத்து ஒழுங்காகச் செய்வது என்ற அந்தக் கோயம்புத்தூர் புத்தியிலிருந்து ஸ்பிரிங் வெட்டுகிற புத்திக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் என் கேள்வி.

பார்க்கிற ஆர்வத்துக்கு நம்மிடம் குறைவே இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு ரேஸ் நடந்தபோது ஊரே பேசியது. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது அஜித்தின் கார் தடுப்புச் சுவரில் மோதிச் சுழன்ற வீடியோ நம் எல்லார் போனிலும் ஓடியது. தல கெத்து, எழுந்து நடந்து வந்தார் பார் என்று எழுதினார்கள். நடந்து வந்ததில் கெத்தைவிட இரும்புக்குழாய்க் கூண்டுக்கும், சீட்டோடு கட்டிப்போட்ட பெல்ட்டுக்கும், ஹெல்மெட்டுக்கும்தான் பங்கு அதிகம். அந்த வீடியோவை ஷேர் செய்துவிட்டு, படம் ரிலீஸ் அன்று ஹெல்மெட் இல்லாமல் மூன்று பேராக பைக்கில் ஊர்வலம் போவது எந்த ஊர் ரசிகத்தன்மை?

கடைசியாக இன்சூரன்ஸ். உங்கள் பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு கிடையாது என்று இருக்கும். ட்ராக்கில் நான் காரைச் சுவரில் சாத்தினால் என் செலவு. இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஏஜென்ட் ஒருவருக்கு போன் செய்தேன். குரலில் அவ்வளவு பரிவு. "அதுக்கென்ன சார், ரோட்ல நடந்துச்சுன்னு எழுதிக்கலாம்." பொதுச்சாலையில் போட்டி போட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஆனால் பொறுப்பாகத் தனி இடத்துக்குப் போய் ஓட்டுகிறவன் ரோட்டில் ஓட்டியதாகப் பொய் சொன்னால்தான் காசு வரும் என்கிறது ஊர் வழக்கம். ஒரு நாளுக்கு மட்டும் கூடுதல் பிரீமியம் கட்டி எடுக்கிற பாலிசி இருக்கிறதா என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. எனவே என் கணக்கை நானே போட்டுக்கொண்டேன்: இந்த ஸ்விஃப்ட் மொத்தமாகப் போனாலும் கடன் வாங்காமல் பஸ்ஸில் வீட்டுக்கு வர முடியுமா? முடியும். அப்படியானால் போகலாம். முடியாதவர்கள் தயவுசெய்து இன்னும் ஒரு வருடம் பக்கத்து சீட்டில் உட்காருங்கள், அதிலும் நிறையக் கற்கலாம்.

நேற்று காரை எடுக்கப் போனபோது மெக்கானிக் அண்ணன் கடைசியாக ஒன்று சொன்னார். "ஓட்டி முடிக்கிறப்ப கடைசி ரவுண்டு பிரேக்கே புடிக்காம மெதுவா வா, காத்துல ஆறட்டும். நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போட்றாத, சூட்டுல புடிச்சுக்கும். கியர்ல போட்டுட்டு டயருக்கு முட்டு குடு." எதை வைத்து என்று கேட்டேன். பட்டறை வாசலில் கிடந்த இரண்டு செங்கல்லைக் காட்டினார்.

ஜாக்கி முதல் பிள்ளையார் வரை எல்லாவற்றையும் இறக்கிவிட்ட காரில் இப்போது டிக்கியில் இரண்டு செங்கல் மட்டும் இருக்கின்றன. ட்ராக்குக்குள் நுழையுமுன் அவற்றையும் இறக்கிவைக்க வேண்டும்.