பிள்ளைகளின் விளையாட்டை அருகில் அமர்ந்து பார்ப்போம்



விடுமுறை நாள்களில் நம் வீடுகளில் அதிகம் ஒலிக்கும் சொற்கள் ‘அந்தப் போனைக் கீழே வை’ என்பவையாகத்தான் இருக்கும். அத்தா சொல்லி, அம்மா சொல்லி, இறுதியில் நன்னாவும் சொல்லி ஓய்ந்துவிடுகிறோம். ஆனால் அந்தத் திரைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோரிடம் விடை இல்லை. அறியாத ஒன்றைக் கண்டிக்கும்போது அந்தக் கண்டிப்புக்கு எடை இருப்பதில்லை என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

ஆகவே செய்யூரில் ஒரு சனி, ஞாயிறு இரு நாள்களும் பிள்ளைகளோடு அமர்ந்து, அவர்கள் விளையாடுவதை நாமும் விளையாடிப் பார்த்தோம். சனிக்கிழமை கைப்பேசியில் ‘மான்யுமென்ட் வேலி’ என்னும் புதிர் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த உறவினர் கொண்டுவந்த பிளேஸ்டேஷனில் ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர்’ என்னும் போர் விளையாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் நமக்குப் பட்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

திருப்பிக் கொடுக்கும் பயணம்

மான்யுமென்ட் வேலி 2014இல் இலண்டனில் உருவானது. வெண்ணிற உடை அணிந்த ஐடா என்னும் சிறுமி, நம் கண்ணை ஏமாற்றும் கட்டடங்களின் வழியே நடந்து செல்கிறாள். விரலால் ஒரு தூணைத் திருப்பினால், இல்லாத பாதை இருப்பதாகிறது. இதில் எதிரியைக் கொல்ல வேண்டியதில்லை; கடிகாரம் துரத்துவதில்லை. குவிமாடங்களும் கூர்வளைவுகளும் உயர்ந்த கோபுரங்களும் திரை முழுவதும் நிற்கின்றன. ‘இது பள்ளிவாசல் மாதிரி இருக்கே’ என்றாள் நம் வீட்டுச் சின்னவள்.

அவள் சொன்னது வெறும் தற்செயல் அன்று. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் ஒன்றாகிவிடும் இத்தகைய கட்டடங்களை வரைந்து புகழ்பெற்றவர் ஹாலந்து நாட்டு ஓவியர் எஷர். அவர் 1922இலும் 1936இலும் ஸ்பெயினின் கிரனாடா நகருக்குச் சென்று, முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய அல்ஹம்ரா மாளிகையின் சுவர் ஓடுகளில் உள்ள வடிவங்களைப் பார்த்துப் படியெடுத்தார். அவருடைய கலையின் ஒரு பகுதி அங்கிருந்து வளர்ந்தது. உருவங்களைத் தவிர்த்து, கோட்டையும் கோணத்தையும் கொண்டே அழகைப் படைத்த நம் முன்னோரின் கைவண்ணம், இத்தனை நூற்றாண்டு கடந்து செய்யூரில் ஒரு சிறுமியின் கைப்பேசித் திரையைத் தொட்டிருக்கிறது என்று நினைக்கும்போது வியப்பாக இருந்தது.

அதைவிட நம்மைத் தொட்டது அதன் கதை. ஐடா எதையும் கைப்பற்றப் போகவில்லை. எடுத்துவிட்ட ஒன்றைத் திருப்பி வைத்து, மன்னிப்புத் தேடிப் போகிறாள். தவ்பாவின் நிபந்தனைகளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று மதரஸா ஆசிரியர்கள் தவிப்பதுண்டு. அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவமாயின், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா நிறைவேறாது. அன்று இரவு அதைச் சொன்னபோது பிள்ளைகளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

பெயர் மாற்றப்பட்ட நெடுஞ்சாலை

ஞாயிற்றுக்கிழமை நிலைமை வேறு. 2019இல் வெளியான இந்த விளையாட்டு, ஐரோப்பியத் தர வரிசையில் 18 வயது நிறைந்தவர்களுக்கே உரியது. நம் ஊர்களிலோ பன்னிரண்டு வயதுப் பையன்கள் இதன் பெயரை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆகவே அன்று பெரிய பையன்களை மட்டுமே அருகில் வைத்துக்கொண்டோம்.

நியாயமாகச் சொல்வதானால், இதில் கருத்தாழம் அறவே இல்லை என்று கூற முடியாது. உர்சிக்ஸ்தான் என்னும் கற்பனை நாட்டின் விடுதலைக்குப் போராடும் ஃபரா என்ற பெண் மதிப்போடு காட்டப்படுகிறாள். இருட்டில் ஒரு வீட்டுக்குள் நுழையும் கட்டத்தில், தொட்டிலை நோக்கி ஓடும் தாயைச் சுடாமல் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ‘மரண நெடுஞ்சாலை’ என்றொரு கட்டம் வருகிறது. அந்தச் சாலையைக் குண்டுவீசி அழித்தவர்கள் ரஷ்யர்கள் என்று விளையாட்டு சொல்கிறது. மரண நெடுஞ்சாலை என்பது உண்மையில் நடந்த ஒன்றின் பெயர். 1991 பிப்ரவரி இறுதியில், குவைத்திலிருந்து பஸ்ரா நோக்கிப் பின்வாங்கிச் சென்ற ஈராக்கியர்களின் வாகன வரிசைமீது குண்டு வீசியவை அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படையின் விமானங்கள். கற்பனை நாட்டுக் கதைதானே என்று சமாதானம் சொல்லலாம். அப்படியானால் பெயரையும் கற்பனையாகவே வைத்திருக்கலாமே! பெயரை மட்டும் உண்மையிலிருந்து எடுத்துக்கொண்டு, பழியை வேறொருவர்மீது போட்டால், 1991ஐ அறியாத பிள்ளையின் மனத்தில் எது வரலாறாகத் தங்கும்?

இதே வரிசையில் 2021 நவம்பரில் வெளியான ‘வான்கார்ட்’ விளையாட்டில், திருக்குர்ஆன் பக்கங்கள் தரையில் சிதறிக் கிடப்பதாகக் காட்டப்பட்டது. முஸ்லிம்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் நிறுவனம் அதை நீக்கி மன்னிப்புக் கேட்டது. பப்ஜி மொபைலில் 2020 ஜூனில், தூண் உருவங்களின் முன் பணிந்து நின்றால் பலம் கிடைக்கும் என்ற அமைப்பு வந்தது. அதுவும் எதிர்ப்புக்குப் பிறகு நீக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும், விளையாடியவர்களே கண்டு சொன்னதால்தான் திருத்தம் வந்தது. பார்க்காதவர்களால் எதையும் சுட்டிக்காட்ட முடியாது.

மார்க்கம் காட்டும் எல்லை

விளையாட்டை முற்றாக வெறுப்பது நம் மார்க்கம் அன்று. பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை பார்க்கட்டும் என்று உடன் நின்றார்கள். ஆயுதம் ஏந்திய விளையாட்டும் அங்கே இருந்தது. பெரியவரின் துணையும் அருகில் இருந்தது. அதே நபியவர்கள்தாம் உண்மையான போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள்.

நம் பகுதியில் நடந்த ஒன்றை இங்கே நினைவுகூரலாம். 2022 ஜூலை 28 அன்று 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடங்கியது. மாஸ்கோவில் நடைபெற இருந்த அந்தப் போட்டி, உக்ரைன் போரினால் இடம் மாறி நம் மாமல்லபுரத்துக்கு வந்தது. அதே நாளில் இந்தியாவில் பிஜிஎம்ஐ போர் விளையாட்டு செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. சிந்தனை விளையாட்டுக்கு வரவேற்பு, துப்பாக்கி விளையாட்டுக்குத் தடை என்று பலரும் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் 2023இல் பிஜிஎம்ஐ திரும்பி வந்துவிட்டது. அரசு போடும் பூட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது.

சதுரங்கத்தைக்கூட நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்பார்கள். ஹனஃபி மத்ஹபில் இன்னும் கடுமை உண்டு. அனுமதித்தவர்களும் நிபந்தனை விதித்தார்கள்: சூது கூடாது, தொழுகை தவறக் கூடாது, நாவு கெடக் கூடாது. இந்த மூன்றையும் இன்றைய திரைக்கு அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

புதிர் விளையாட்டைப் பாங்கு ஒலித்ததும் கீழே வைத்துவிட முடிந்தது. திரும்பி வந்தபோது ஐடா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். இணையத்தில் குழுவாக ஆடும் போர் விளையாட்டில் இடைநிறுத்தம் கிடையாது. ‘அத்தா, இப்ப விட்டா டீம் தோத்துடும்’ என்ற ஒரு சொல்லில், குறுகிய மஃரிப் நேரம் கரைந்துவிடுகிறது. உள்ளே என்ன வரும் என்று தெரியாத பெட்டியைப் பணம் கட்டித் திறக்கும் முறை சில விளையாட்டுகளில் உண்டு. அதன் சூதாட்டச் சாயலைப் பிள்ளைக்கு நாம்தான் சொல்லித் தர வேண்டும். முகம் தெரியாதவர்கள் காதொலிக் கருவியில் பரிமாறும் வசைகளோ, நம் வீட்டில் யாரும் பேசாத சொற்கள்.

நான்காவதாக நாம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம்: அந்த விளையாட்டில் ஊரும் மனிதனும் என்னவாக இருக்கிறார்கள்? அரபு எழுத்துள்ள சுவர் என்றாலே அதன் பின்னால் எதிரி ஒளிந்திருப்பான் என்று ஒரு முஸ்லிம் பிள்ளையின் விரல் பழகிவிடக் கூடாது.

இதற்கு நம் செய்யூர் வட்டத்திலேயே ஒரு பாடசாலை இருக்கிறது. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை முகலாயர் காலத்தது. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டுத் தகர்க்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புமாக இடிந்து நிற்கும் அந்தச் சுவர்களின் முன் நம் பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இடித்தவர் யார், இழந்தவர் யார் என்று அங்கே நின்று அவர்களுக்குச் சொல்வோம். மீண்டும் தொடங்கும் பொத்தான் இல்லாத போர் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சுவர் காட்டும்.

வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளையின் அருகில் அமர்வது பெரிய தியாகம் அன்று. எதை விளையாடலாம், எதை விடலாம் என்ற முடிவை அதன் பிறகு எடுப்போம். அப்போது நம் சொல்லைப் பிள்ளைகளும் காதுகொடுத்துக் கேட்பார்கள். காலத்தின்மீது சத்தியம் செய்த இறைவன், நம் நேரத்திலும் நம் பிள்ளைகளின் நேரத்திலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.