அம்மாவுக்கு எழுபது: வெளியூரில் விருந்து எங்கே?

அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று நம் வீடுகளில் விமரிசையாகச் செய்கிறோம். ஒரு விஷயம் யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? அந்த அறுபதும் எண்பதும் வீட்டு ஐயாவுக்கு ஆகிற வயது. பக்கத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. அவரும் போய்விட்டால், அந்த மாலைகூட இல்லை.

என் அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வருஷம் அம்மாவுக்கு எழுபது பூர்த்தியானது. அந்த நாள், நாங்கள் எல்லோரும் மும்பையில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் வந்தது. "கோயிலுக்குப் போயிட்டு வந்து பாயசம் வச்சா போதும்" என்றாள் அம்மா. எங்களுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல உயர்தர ஹோட்டலில் ஒரு விருந்து கொடுத்துவிடுவது என்று அண்ணனும் நானும் முடிவு செய்தோம்.

அங்கேதான் ஒரு தப்பு செய்தேன். அதை உங்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் வரலாம்.

அண்ணன் போனில் தேடி, மேல்மாடியில் உள்ள பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்றைப் பிடித்தான். ஏழு வகை, ஒவ்வொன்றாக வரும், நகரம் முழுக்க விளக்குகள் தெரியும் என்றான். பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால்தான் மேஜை கிடைத்தது. ராத்திரி எட்டரை மணிக்கு. அம்மாவுக்குப் பிடிக்குமா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலும் ராத்திரியும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் இன்சுலின் போட்டுக்கொள்வாள். வழக்கம் போல எட்டு மணிக்கு வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு காரில் ஏறினாள். வழியில் நெரிசல். போய்ச் சேர ஒன்பது. மேஜை தயாராக இல்லை. உட்கார்ந்தபோது ஒன்பதேகால். பிறகு பெரிய தட்டின் நடுவில் ஒரு ஸ்பூன் அளவுக்கு ஏதோ வந்தது. "இதென்னடி, சுவாமிக்கு நைவேத்தியமா?" என்று அம்மா சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அடுத்தது வர இன்னும் இருபது நிமிஷம்.

அம்மா பேச்சை நிறுத்தியதை நான் கவனிக்கவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணிதான் பார்த்தாள். "அத்தை, ஏன் கை நடுங்குது?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தாள். ஏசி அறையில் அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. "ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று குழறினாள். பையிலிருந்த மெஷினில் பார்த்தால் 56. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. பரிமாறுகிற பையனிடம் சர்க்கரை கேட்டு, நான்கு டீஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தோம். பாவம், அந்தப் பையன் ஓடிப்போய் ரொட்டியும் கொண்டு வந்தான். கால் மணி கழித்துப் பார்த்தால் 88. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "இவ்வளவு செலவு பண்ணி கூட்டிட்டு வந்திருக்கீங்க. நடுவுல நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹோட்டல்காரர்கள் பேரில் குறை சொல்ல நியாயமில்லை. அவர்கள் பழக்கம் அது. கேட்டுக்கொள்ளாமல் போனது நாங்கள்தான்.

மறுநாள் ஊரில் உள்ள எங்கள் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"வெளியில் சாப்பிடும்போது நேரம் நம் கையில் இல்லை. அதனால் வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பக் கூடாது. மேஜையில் உட்கார்ந்து, சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துகொண்ட பிறகு போட வேண்டும். சர்க்கரையைக் குறைக்கிற சில மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். வேர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழறல் இருந்தால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் பழரசம். சாக்லெட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். ஏறிய பிறகு ரொட்டியோ சாதமோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்."

அன்று மத்தியானம் அவரைக்காய்க்கு நார் உரித்தபடி அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு எங்க போகணும்மா? ரெண்டு இட்லி போதும்னு சொல்லக் கூடாது. நிஜத்தைச் சொல்லு."

கொஞ்ச நேரம் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில் அப்பாவுக்கு பம்பாயில் வேலை. அம்மாவுக்கு இன்றைக்கும் அது பம்பாய்தான். மாதுங்காவில் ஒரே அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயிலில் வி.டி. போய், அங்கிருந்து நடந்தே கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போவார்களாம். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, எதிரே தாஜ் ஹோட்டலைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

"மேல ஜன்னல் ஓரமா உக்காந்து யாராவது டீ குடிச்சிட்டிருப்பாங்க. உங்கப்பா சொல்வாரு, அங்க ஒரு டீக்கு நம்ம மாச வாடகையே போயிடும்னு. ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேதான் இருந்தாரு. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் பொறந்தீங்க."

இத்தனை வருஷத்தில் இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

இந்தத் தடவை நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாஜில் முதல் மாடியில் கடலைப் பார்த்த மாதிரி 'ஸீ லவுஞ்ச்' என்று ஒரு இடம் இருக்கிறது. மத்தியான டீ அங்கே விசேஷம். ராத்திரி விருந்தே வேண்டாம், நாலு மணி டீயே விருந்தாக இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். அம்மா வழக்கமாகச் சிற்றுண்டி சாப்பிடுகிற நேரம் அது. இன்சுலின் வேளையும் குறுக்கே வராது. ராத்திரி எட்டரைக்கு வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிடலாம்.

மேஜை பதிவு செய்யும்போது நான் கேட்ட கேள்விகள் இவை. எந்த ஊர், எந்த உயர்தர ஹோட்டல் என்றாலும் இவற்றைக் கேட்கலாம். கேட்க வெட்கப்படாதீர்கள்.

உட்கார்ந்த எத்தனை நிமிஷத்தில் முதல் பலகாரம் வரும்? மொத்தமாக வருமா, ஒவ்வொன்றாக வருமா? ஒவ்வொன்றாக வருகிற விருந்து என்றால் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் அது சரிப்படாது.

லிஃப்ட் இருக்கிறதா? மேஜையிலிருந்து பாத்ரூம் எவ்வளவு தூரம், நடுவில் படி உண்டா? நாற்காலிக்குச் சாய்மானமும் கையும் இருக்குமா? தாழ்வான சோபாவில் உட்கார்ந்தால் மூட்டுவலிக்காரர்களுக்கு எழுந்திருப்பது கஷ்டம்.

பாட்டுச் சத்தம் பலமாக இருக்குமா? காது மந்தமானவர்களுக்கு இரைச்சலில் ஒன்றும் புரியாது. நாம் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிட்டு மௌனமாக இருந்துவிடுவார்கள்.

சைவக்காரர்கள் 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் போதாது. கேக்கில் முட்டை உண்டா, சூப்புக்குக் கோழி வேகவைத்த தண்ணீர் சேர்க்கிறார்களா, ஆடுகிற மாதிரி இருக்கும் இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஜெலட்டின் மிருகங்களின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. தாய்லாந்துச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாஸ் விடுவது வழக்கம்.

உடை பற்றிக் கட்டுப்பாடு உண்டா? புடவைக்குப் பெரும்பாலும் தடையில்லை. ஆனால் சில இடங்களில் ஆண்கள் அரை டிராயர், ரப்பர் செருப்போடு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வெளியூர்ப் பயணத்தில் பெட்டி கட்டும்போதே இதை நினைவில் வையுங்கள்.

கடைசியாகப் பணம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஹோட்டல்களுக்குள் சாப்பிட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சாதாரணமாகத் தனி உணவகம் என்றால் 5 சதவீதம். ஆகவே விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு இதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்று பில்லில் தானாகச் சேர்ந்திருந்தால் அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று இல்லை. 2022ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படிச் சேர்க்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிடித்திருந்தால் பரிமாறினவர் கையில் நாமாகக் கொடுக்கலாம்.

பிறந்தநாளன்று மாதுங்காவில் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். மத்தியானம் வீட்டில் கொஞ்சமாகச் சாப்பாடு. நாலு மணிக்கு அம்மா, தன் அரக்குப் பட்டுப் புடவையில், தாஜுக்குள் நுழைந்தாள். வாசலில் ஒரு நிமிஷம் தயங்கி, செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று என்னைக் கேட்டாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கீழே கேட்வேயும் புறாக்களும் கூட்டமும். "அந்தச் சுவர்தான்" என்று விரலால் காட்டினாள். "கேட்வேயை விட இந்த ஹோட்டல்தான் மூத்தது, தெரியுமா? உங்கப்பா சொல்லியிருக்காரு" என்றாள். நிஜம்தான். ஹோட்டல் திறந்தது 1903ல். கேட்வே கட்டி முடித்தது 1924ல். 2008 நவம்பரில் நடந்த தாக்குதலில் இந்த ஹோட்டல் எரிந்ததை அப்பாவும் அம்மாவும் டி.வி.யில் பார்த்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. வெளியிலிருந்து மட்டுமே பார்த்த கட்டிடத்துக்காக ஏன் இப்படி என்று அன்று எனக்குப் புரியவில்லை.

அம்மா நிதானமாகச் சாப்பிட்டாள். காரம் இரண்டு வகை, கேக்கில் ஒரு விள்ளல். டீயை மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள். யாரும் போட்டோ எடுக்கவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று எடுத்தோம்.

பில்லை அண்ணன் மறைத்து வாங்கினான். அம்மா விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தாள்.

"உங்கப்பா சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். "மாதுங்கா வீட்டு வாடகையில் ஒரு வருஷத்துக்கும் மேல இருக்கும்."

காரில் வரும்போது, "எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன். "டீ நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம வீட்டுல இஞ்சி தட்டிப் போடுவோமே, அதுதான் எனக்குத் தேவலை" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, கடல் மறைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "அவர்கிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு" என்றாள்.

ராத்திரி எட்டு மணிக்கு ஊசி. எட்டரைக்கு ரசம் சாதம், அவரைக்காய்ப் பொரியல்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ மாமியாருக்கோ அறுபது, எழுபது வந்தால் சும்மா விட்டுவிடாதீர்கள். தாஜுக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. எந்த இடம் என்று ஹோட்டல் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே ஒரு வார்த்தை கேளுங்கள். முதல் தடவை "ஒண்ணும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.