நாற்காலி இல்லாத தலைவரும் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும்

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் சாதி இந்துச் சிறுவர்கள். அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் அதில் இருந்தார்கள். அரிவாள் தூக்கத் தெரிந்தவனுக்கு வயதுச் சலுகை எதற்கு என்று அந்த வாரம் நானும் எழுதினேன். இன்று அப்படி எழுத மாட்டேன். கோபம் தணிந்துவிட்டது என்று அர்த்தமல்ல.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதுள்ளவரை, முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பிறகு பெரியவராகக் கருதி விசாரிக்கலாம். இந்த வயதை இன்னும் குறைத்தால் முதலில் சிக்கப்போவது யார் வீட்டுப் பிள்ளை? ஊரில் ஒரு பைக் காணாமல் போனால் போலீஸ் ஜீப் எந்தத் தெருவுக்கு முதலில் வருகிறது என்பது நமக்குத் தெரியும். 2022 டிசம்பரில், பேட்டரி திருடியதாகத் தாம்பரத்தில் பிடிக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டில் அரசு இல்லத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டான். அங்கு வேலை பார்த்தவர்களே கைதானார்கள். 'கடுமை' நம் பிள்ளைகளிடம் எப்படி வந்து சேரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, தண்டனைக்கு முந்தைய கட்டத்தில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்தான் அதற்குத் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், செவிலியர், இரண்டு குழந்தைகள் எல்லாரும் உறுப்பினர்கள். என் ஆய்வுக்காகத் தென்மாவட்ட ஊராட்சி ஒன்றில் இந்தக் குழுவின் தீர்மானப் பதிவேட்டைப் புரட்டினேன். குழந்தைத் திருமணம் இல்லை, இடைநின்ற மாணவர் இல்லை, குழந்தைத் தொழிலாளர் இல்லை. தேதியை மட்டும் மாற்றி, கூட்டத்துக்குக் கூட்டம் அதே மூன்று வரி. அந்த ஊரிலிருந்து பள்ளிக்குப் போகும் பேருந்தில் பின் இருக்கையில் யார் உட்காருவது என்று தொடங்கிய சண்டை கபடித் திடலில் மண்டை உடைவதில் முடிந்தது. டீக்கடையில் எல்லாரும் பேசுகிற இந்தக் கதை பதிவேட்டில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்தக் குழுவின் தலைவர் தலித் பெண். தனித்தொகுதி. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் நினைவிருக்கும். தனக்கே நாற்காலி கேட்டுப் போராட வேண்டிய ஒருவர், ஆதிக்கச் சாதி வீட்டுப் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, 'உன் மகன் கையில் என்ன கயிறு?' என்று கேட்பாரா? 'சிறார் குற்றத் தடுப்பில் உள்ளாட்சியின் பங்கு' என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள் (நானும் இரண்டில் கட்டுரை வாசித்திருக்கிறேன்) இந்தக் கேள்விப் பக்கம் வருவதே இல்லை.

கயிறு புதிய செய்தியும் அல்ல. சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இலேயே பள்ளிக்கல்வித் துறைச் சுற்றறிக்கை போனது. அது தனக்குத் தெரியாமல் வந்தது, பழைய நிலையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்து, அதே கயிற்றைத் தடை செய்யச் சொன்னது. இடையில் ஐந்து வருடம். அவ்வறிக்கையை நம் தோழர்கள் ஆதரித்தது சரியே. ஆனால் தொடக்கப் பள்ளிகளை ஊராட்சி ஒன்றியங்களின் முழுக் கட்டுப்பாட்டில் விடலாம் என்ற பரிந்துரை எனக்கு உறுத்துகிறது. எந்தச் சாதியின் கையில் இருக்கும் ஒன்றியத்திடம் விடுகிறோம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேருந்து, விடுதி, கபடித் திடல், கோயில் கொடை என எங்கே சாதிச் சண்டை நடந்தாலும் அந்தக் குழு அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதியதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு நேரில் வந்து விசாரிக்க வேண்டும். அரிவாள் வாங்கிக் கொடுத்த, ஏற்றிவிட்ட பெரியவர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாய வேண்டும். எழுதிய தலைவருக்குப் பாதுகாப்பு தர வேண்டியது ஆட்சியரின் பொறுப்பு.

கபடித் திடல் சண்டையை ஏன் எழுதவில்லை என்று அந்தத் தலைவரிடம் கேட்டேன். பதிவேட்டை மூடி பீரோவில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதலாம் தம்பி. எழுதிட்டு, நாளைக்குத் தண்ணி டேங்க் பில்லுக்குத் துணைத் தலைவர்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குவேன்?"